கழலாத சக்கரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் எல்லாரும் காரைக் கழுவுவார்கள். எதிர்வீட்டு ஆன்டி மட்டும் காரைக் கழற்றுவார்.

பழைய நைட்டி, அதன் மேல் இறந்துபோன கணவருடைய முழுக்கைச் சட்டை, தலையில் ஒரு துண்டு. இந்தக் கோலத்தில் முன்வாசலில் உட்கார்ந்து, ஜாக்கைப் போட்டுக் காரைத் தூக்கி, நட்டுகளைக் கழற்றி, ஒரு சக்கரத்தை உருவிச் சுவரில் சாய்த்து வைப்பார். அந்த டயருக்கு ஒரு குறையும் இருக்காது. பஞ்சரும் இல்லை, தேய்மானமும் இல்லை. சக்கரம் உட்கார்ந்திருந்த இரும்பு ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய் தேயென்று தேய்ப்பார். துரு செங்கல் பொடியாக உதிரும். துணியால் துடைத்துவிட்டு, ஒரு டப்பாவிலிருந்து செம்பு நிறத்தில் கிரீஸை விரல் நுனியில் எடுத்து, குழந்தைக்கு மை வைப்பதுபோல் மெல்லிசாகப் பூசுவார். நட்டிலும் படக் கூடாது, பிரேக்கிலும் படக் கூடாது. பிறகு அதே சக்கரத்தை அதே இடத்தில் மாட்டிவிட்டுக் கையைக் கழுவப் போவார். அடுத்த ஞாயிறு அடுத்த சக்கரம்.

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் இதைப் பார்த்தால் நின்று கேட்காமல் போகமாட்டார்கள்.

"என்ன ஆன்டி, நல்லா இருக்கிற சக்கரத்தை ஏன் கழட்டுறீங்க?"

உடனே ஸ்பேனரைக் கீழே வைப்பார். முகத்தைத் திருப்பி, கேட்டவரின் வாயையே பார்ப்பார்.

"என்ன சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க."

இன்னொரு தரம் சொன்னால், "கழலுதான்னு பாக்கறேன்" என்பார். அவ்வளவுதான் பதில். கேட்டவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நடையைக் கட்டுவார்.

இந்த 'இன்னொரு தரம் சொல்லுங்க' அவருக்குத் தீராத வியாதி. கையில் ஏதாவது வேலை இருக்கும்போது யார் எதைச் சொன்னாலும் வேலையை அப்படியே போட்டுவிட்டு இதைக் கேட்பார். மீன்காரர் விலை சொன்னாலும் சரி, அம்மா எங்கள் வாசலிலிருந்து கறிவேப்பிலை கேட்டாலும் சரி. தெருப் பிள்ளைகள் செவிட்டு ஆன்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் காது மந்தம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ரொட்டிக்காரர் ரெண்டு தெரு தள்ளி ஹாரன் அடிக்கும்போதே இவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நிற்பார். அதெப்படி என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை. நமக்கு நம் பாடே பெரும்பாடு.

அவர் இப்போது எங்கள் தெருவில் இல்லை. ஜொகூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த வாசலில் யாரோ ரோஜாத் தொட்டி வைத்திருக்கிறார்கள். ஞாயிறு காலையில் அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது. ரோஜா ஒரு பாவமும் செய்யவில்லை.

கணவர் போன கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆன்டி எங்கள் தெருவுக்கு வரும் முன்பே நடந்தது. எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றின் ரோட்டில், இருவரும் போய்க்கொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. ஆன்டிதான் காரை ஓட்டியிருக்கிறார். வேகமாகப் போனதில் குழியில் இறங்கி டயர் கிழிந்தது. டயர் மாற்ற ஆன்டிக்குத் தெரியும். நட்டுகள் எல்லாம் கழன்றுவிட்டன. சக்கரம்தான் வரவில்லை. ஹப்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு லோரி வந்து நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில், "அந்தச் சக்கரம் மட்டும் கழண்டிருந்தா" என்று நிறுத்திவிடுவார்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பார்த்து நாங்கள் யாரும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. உள்ளுக்குள் சிரித்தவர்கள் உண்டு.

ஆனால் அந்த மனுஷியோடு வெளியே போவது பெரிய தொல்லை. ஒருமுறை அம்மாவையும் அவரையும் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப்போனேன். சேலை எடுத்தாயிற்று, சாப்பாடும் ஆயிற்று. கார் நிறுத்திய இடத்துக்கு வந்தால் ஆன்டியைக் காணோம். நாலு கார் தள்ளி, யாருடையதோ ஒரு காருக்குப் பக்கத்தில் குனிந்து சக்கரத்தின் நடுவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காரின் சொந்தக்காரர், டை கட்டிய ஆள், சாவியோடு வந்துவிட்டார்.

"என்ன ஆன்டி தேடுறீங்க?"

"ஒண்ணும் தேடல தம்பி. உங்க பின் சக்கரம் ஒட்டிக்கிச்சு போல. நடுவுல துரு வடிஞ்சிருக்கு பாருங்க. ஒரு நாள் கழட்டிப் பாத்துடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். வீடு வரும்வரை அம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "உன்னோட வெளிய வந்தா மானம் போவுது லா." ஆன்டி ஜன்னல் வழியாகப் பக்கத்தில் வரும் வண்டிகளின் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

டயர் கடையில் நடந்தது வேறு மாதிரி. என் காருக்கு முன் டயர் ரெண்டும் மாற்றப் போனபோது துணைக்கு வந்தார். பக்கத்துக் காரில் சக்கரம் கழலாமல், கடைப்பையன் பெரிய சுத்தியலை எடுத்து டயரின் உட்பக்கத்தில் ஓங்கி ரெண்டு அடி அடித்தான். என் பக்கத்து நாற்காலி காலி. திரும்பிப் பார்த்தால் ஆன்டி பெரிய ரோட்டோரம் லோங்காங் சாக்கடைப் பக்கத்தில் வெயிலில் நிற்கிறார், இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு. அடி ஓய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டேன்.

"அடிக்கக் கூடாது தம்பி" என்றார். முகம் வெளிறியிருந்தது.

"அடிச்சாதானே ஆன்டி வரும்?"

"அசைச்சா வரும். அடிச்சா சத்தம்தான் வரும்."

அவருடைய கருவிப்பெட்டியில் எல்லாம் உண்டு, சுத்தியல் மட்டும் கிடையாது. அதை நான் பிற்பாடுதான் கவனித்தேன்.

அம்மாவுக்கும் அவருக்கும் இருந்த சிநேகிதம் தெருவுக்கே வேடிக்கை. காலையில் சண்டை போட்டுக்கொண்டால் மாலையில் ஒரே தட்டில் முறுக்கு தின்பார்கள். பெரிய சண்டை வந்தது உப்புத் தண்ணீரால்.

ஷா ஆலமில் வேலைக்குப் போகிற வழியில் என் காரைப் பின்னாலிருந்து ஒருவர் இடித்துவிட்டார். எனக்கு ஒன்றுமில்லை, பம்பர்தான் போனது. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. திருஷ்டி என்று முடிவு கட்டிவிட்டார். கோயிலில் யாரோ ஓர் அம்மாள் சொன்னாராம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள்தூள், எலுமிச்சை, இரண்டு கை நிறையக் கல்லுப்பு. காரைச் சுற்றி வந்துவிட்டு, நாலு சக்கரத்துக்கும் சொம்பால் ஊற்றுவார். மேலோட்டமாக இல்லை. ரிம்மின் நடுவில் மூடி விழுந்துபோன ஓட்டை இருக்குமே, அதற்குள் பார்த்துப் பார்த்து ஊற்றுவார். பிறகு ரிம்மில் குங்குமம்.

ஆன்டி இதை முதல்தடவை பார்த்தபோது செருப்பில்லாமல் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார்.

"அக்கா, சக்கரத்துல வேணாம்க்கா. உப்புக்கா அது. ரிம்மு அலுமினியம், ஹப்பு இரும்பு. நடுவுல உப்புத் தண்ணி போனா ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கும். ரோட்டுல ஊத்துங்க. பானெட் மேல கூட ஊத்துங்க."

"சக்கரம்தானே ஓடுது? திருஷ்டி அங்கதான் ஒட்டும்."

"திருஷ்டி ஒட்டாதுக்கா. ரிம்முதான் ஒட்டும்."

அம்மா கேட்கவில்லை. ஆன்டியும் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டியோடு வந்து, என் காரின் முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றித் தேய்த்து கிரீஸ் போட்டுவிட்டார். மூன்றாவதற்கு ஜாக் வைக்கும்போது அம்மா வந்துவிட்டார். ரிம்மில் வைத்த குங்குமத்தின் மேல் கறுப்புக் கைரேகை. அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"என் பிள்ளைக்காக நான் வெச்ச குங்குமம் லா அது. உன் புருஷன் சக்கரத்தை என் வீட்டுல கொண்டுவந்து கழட்டாத."

சொன்ன உடனே அம்மாவுக்கே தெரிந்துவிட்டது, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று. ஆன்டி ஸ்பேனரைக் கீழே வைத்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை இன்னொரு தரம் சொல்லச் சொல்லவில்லை. ஜாக்கை இறக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் பேச்சு இல்லை. பிறகு அம்மாவே பாயசம் கொண்டுபோய்க் கொடுத்துச் சரிசெய்துகொண்டார். சக்கரப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. பின் சக்கரங்கள் இரண்டும் அப்படியே இருந்தன. வெள்ளிக்கிழமைகளும் வந்துகொண்டிருந்தன.

ஜெஞ்சாரோமில் சித்தப்பா வீடு கட்டி முடித்து, பால் காய்ச்ச அழைத்திருந்தார். அம்மா ஆன்டியையும் விடாப்பிடியாகக் கூட்டிக்கொண்டார். பித்தளைப் பாத்திரத்தில் கறந்த பாலை வாங்கி, மூடி போட்டு, பின் சீட்டில் ஆன்டி பக்கத்தில் அம்மாவே மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பெரிய ரோட்டில் நெரிசல் என்று போனில் மேப் ஒரு குறுக்கு வழி காட்டியது. செம்பனைத் தோட்டத்தின் நடுவே போகிற ரோடு. ஆன்டியின் கணவர் போன ரோடு அதுவல்ல. ஆனால் செம்பனை ரோடு எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான். கண்ணாடியில் பார்த்தேன். ஆன்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

இடப்பக்கப் பின் சக்கரம் குழியில் இறங்கியது. டமார் என்றது. நிறுத்தி இறங்கினேன். டயர் கிழிந்து ரிம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சரி, மாற்றிவிடலாம் என்று ஸ்பேர் டயரை எடுக்கக் காரின் பின் கதவைத் திறந்தேன்.

"தம்பி, அம்மாவுக்கு வேர்க்குது" என்று ஆன்டியின் குரல் வந்தது.

அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு தடவை நெஞ்சு வலி வந்திருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது, ரவிக்கை நனைந்திருந்தது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை ஆன்டி வைத்துவிட்டார். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். லைன் விட்டுவிட்டு வந்தது. எந்த ரோடு என்று கேட்டார்கள், எனக்கே சொல்லத் தெரியவில்லை. சுற்றிலும் மரம், பெயர்ப்பலகை கூட இல்லை. தோட்டத்தில் வேலை செய்கிற வெளிநாட்டுக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நிலைமையைப் பார்த்துவிட்டு, ஆபீஸில் வண்டி இருக்கிறதா பார்க்கிறேன் என்று சைகை காட்டிப் பறந்தார். ஞாயிற்றுக்கிழமை, லோரி ஒன்றும் ஓடவில்லை.

அம்மாவை இறக்கி, மரநிழலில் சாய்த்து உட்காரவைத்தோம். நான் ஓடிவந்து ஜாக்கைப் போட்டு நட்டுகளைக் கழற்றினேன். எல்லாம் வந்தன. சக்கரத்தைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். சுவரைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. உதைத்தேன். பாதம் மரத்துப்போகிறவரை உதைத்தேன். என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. ரோட்டோரத்தில் ஒரு கல் கிடந்தது, அதைத் தூக்கி அடித்தேன். அம்மா செத்துக்கொண்டிருக்கிறார், இந்த நாய்ச் சக்கரம் வரமாட்டேன் என்கிறது. அழுதுகொண்டே அடித்தேன். அந்தச் சத்தம் தோட்டம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"நிறுத்து." ஆன்டி அதட்டியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ஜாக் மேல நிக்கிற வண்டியை அடிக்காத, விழுந்துடும். கல்லைக் கீழ போடு. நீ போய் அம்மாகிட்ட உக்காரு."

"ஆன்டி, ரெண்டு பேரா பாத்தா சீக்கிரம்..."

"போ. இதை நான் பாத்துக்கறேன். நீ போய் அவங்க வாயைப் பாத்துக்கிட்டு உக்காரு. என்ன சொன்னாலும் கேளு. வேற ஒண்ணும் உன் வேலை இல்ல."

சொல்லிக்கொண்டே சக்கரத்தின் முன்னால் மண்டியிட்டார். நான் கல்லைப் போட்டுவிட்டுப் போனேன்.

அம்மாவின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு பார்த்தேன். ஆன்டி கைப்பையிலிருந்து ஒரு சின்ன எண்ணெய் டப்பாவை எடுத்து ரிம்மின் நடு ஓட்டையைச் சுற்றி அடித்தார். விபூதிப் பொட்டலத்துக்கும் தலைவலி மாத்திரைக்கும் நடுவில் அதுவும் இருந்திருக்கிறது. பிறகு நட்டுகளை மறுபடி கையாலேயே மாட்டினார், முழுக்க முடுக்காமல், கொஞ்சம் தளர்வாக. ஜாக்கை இறக்கினார். காரில் ஏறி, நடை வேகத்தில் கொஞ்ச தூரம் முன்னால் போய், ஒட்டியது அசையட்டும் என்று ஹேண்ட் பிரேக்கைச் சுண்டி இழுத்தார். பின்னால் வந்து மறுபடி இழுத்தார். இறங்கி, நட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார். வரவில்லை. மறுபடி முன்னால், மறுபடி பின்னால்.

"பால் வெயில்ல இருக்கா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. நிழல்ல வெச்சிருக்கு."

"திரிஞ்சிடப் போவுது. நல்ல காரியத்துக்குக் கொண்டுபோறது."

நான் அழாமல் இருக்கப் பார்த்தேன். அம்மா கண்ணைத் திறந்து காரைப் பார்த்தார்.

"நான் ஊத்தின உப்புத் தண்ணியாலதானே?"

"இல்லம்மா. ரோடு சரியில்ல."

"பொய் சொன்னா உனக்கு மூக்கு சுருங்கும். சின்னப் பிள்ளையில இருந்து." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து, "பாவம் அவ. கையெல்லாம் அழுக்கு. வீட்டுக்குப் போனதும் டீ போட்டுக் கொடு. சீனி கம்மியா."

"சரிம்மா."

"நீ காலையில சாப்பிடவே இல்ல."

"பேசாதீங்கம்மா."

"காத்து வருது. நல்லா இருக்கு."

காரின் அடியில் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஆன்டி குதித்து இறங்கி ஜாக்கைப் போட்டார். நட்டைக் கழற்றியதும் சக்கரம் தானாகவே கையில் வந்து விழுந்தது. ஸ்பேர் டயரை மாட்டி, என்னைப் பார்த்துக் கையசைத்தார். தோட்டத்து வண்டி வருவதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம். வழியெல்லாம் அம்மா கண்ணை மூடியபடியே வந்தார்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். அதன் பிறகு அம்மா பேசவில்லை. அந்த வாரத்திலேயே போய்விட்டார்.

சக்கரம் முதலிலேயே கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் இன்னும் என்னை அறுக்கிறது. உப்பைச் சொல்வதா, ரோட்டைச் சொல்வதா, எனக்காக வெள்ளிக்கிழமைதோறும் வாளி தூக்கியவரைச் சொல்வதா? யாரைச் சொல்லியும் மனம் ஆறவில்லை.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு ஆன்டி பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் டீ போட்டு, சீனி கம்மியாக, கொண்டுபோய்க் கொடுத்தேன். குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"தம்பி, அன்னைக்கு மரத்தடியில அம்மா என்ன சொன்னாங்க?"

சொன்னேன். பாலை, மூக்கை, டீயை, காற்றை. என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவுதான் மிச்சம் என்று தோன்றியது. ஆனால் மிச்சம் இருக்கிறது என்றும் தோன்றியது.

ஆன்டி டீயைக் குடிக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"அவரும் ஏதோ சொன்னாரு தம்பி. மரத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டு, என்னைப் பாத்து சொல்லிக்கிட்டே இருந்தாரு. வாய் அசையறதைப் பாத்தேன். நான் கல்லால சக்கரத்தை அடிச்சிக்கிட்டு இருந்தேன். இருங்க, இதைக் கழட்டிட்டு வந்துடறேன், வந்துடறேன்னு சொல்லிக்கிட்டே அடிச்சேன். அந்தச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. திரும்பிப் பாத்தப்ப வாய் நின்னுடுச்சு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சக்கரம் வராததுகூடப் பரவால்ல. அவர் என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியலையே தம்பி. தண்ணி கேட்டாரா, என்னை வரச் சொன்னாரா, திட்டினாரான்னுகூடத் தெரியல."

டீ ஆறி மேலே ஆடை படிந்துவிட்டது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"பால் வெயில்ல இருக்கான்னு கேட்டாங்களே, அதுல இருந்து இன்னொரு தரம் சொல்லு."

நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.